செவலை இல்லாத வீடு

ஆலங்கரைப்பட்டி
9.6.2025

ஜெயாவுக்கு,

அக்காதான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இது என்ன காகிதக் கூத்து என்று நினைப்பாய். போன வாரம் முழுக்க உன் நம்பருக்கு அடித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "மதினி, கவுன்சிலர் மீட்டிங்ல இருக்காங்க, என்ன விசயம்னு எங்கிட்ட சொல்லுங்க" என்கிறார். மீட்டிங்கில் இருக்கிற கவுன்சிலர் பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தவள் நீ. ஜெயித்த பிறகு நீ சங்கரன்கோவிலில், உன் போன் உன் வீட்டுக்காரர் பேச்சிராஜா சட்டைப் பையில். இங்கே வார்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

அதனால்தான் ஜரினா கடையில் கொடுத்துவிடுகிறேன். பூ மார்க்கெட்டுக்கு நான் தினமும் வருகிறேன், அவள் தையல் கடை பக்கத்திலேயே இருக்கிறது. அவள் தைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் பையை உன் வீட்டுக்காரர் திறந்து பார்க்கமாட்டார். நீயும் பதிலை அப்படியே கொடு.

விசயத்துக்கு வருகிறேன். பேப்பரில் உன் போட்டோ பார்த்தேன். பேரூராட்சி மன்றத்தில் நின்று கடிக்கிற நாய்களைப் பற்றிப் பேசினாயாமே. நன்றாக இருந்தது, சேலைதான் சரியில்லை. அதற்கு மறுநாளே ஆபீஸ் ஆள் வந்து, செவலைக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், வெளியே கூட்டிப்போனால் வாய்மூடி போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். சரி, எடுப்போம். அது இல்லை என் பயம்.

உன் வீட்டுக்காரர் முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். என் வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருக்கிற பிளாட்டுகளுக்குப் பாதை இல்லை, இந்த வீடு விலகினால்தான் ரோட்டுக்கு வழி, அது உனக்கும் தெரியும். மறுபடியும் கேட்டார். மறுபடியும் மாட்டேன் என்றேன். கோபமே படவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து, சங்கிலியில் கிடந்த செவலையை ரொம்ப நேரம் பார்த்தார். "மதினி, நாய் நல்லா வளந்திருக்கு. பத்திரமா பாத்துக்கோங்க" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானத்தில் இரண்டு பேர் எதிரே வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசுவதில்லை, போன்கூட நோண்டுவதில்லை. உன் அத்தான் செத்த வருசம்கூட நான் இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது. என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

பூமாரி


சங்கரன்கோவில்
13.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயா எழுதிக்கொண்டது. உன் கடிதத்தைப் படித்து அழுகைதான் வந்தது. மூன்று வருசமாகக் கவுன்சிலராக இருக்கிறேன். நானாக ஒரு வார்த்தை பேசியது இந்த ஒரு தடவைதான். அதையும் நீ கேலி செய்துவிட்டாய்.

உங்கள் தெரு மாலா மகளைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் நாய் கடித்ததே, நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கன்னத்தில் தையல் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் என்னால் சாப்பிட முடியவில்லை. இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்ல விசயம்லா. தீர்மானமா கொண்டு வருவோம். நான் எழுதித் தாரேன், நீ நின்னு வாசி" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோசம் அக்கா. நான் கேட்ட ஒன்றை அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

நின்று வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. எங்கள் மன்றத்தில் கை தூக்குகிற வழக்கமெல்லாம் கிடையாது, தலைவர் தீர்மான நம்பரைச் சொன்னதும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும். நான் வாசித்து முடித்ததும் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டது. எனக்காகத் தட்டினார்கள்.

இதற்கும் உன் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லைசென்ஸ் எடுத்துவிடு. அவரைத் தப்பாக நினைக்காதே. பிளாட் விசயத்தில் பணம் முடங்கிக் கிடக்கிறது, அந்தக் கவலைதான் அவருக்கு. பைக்கில் நிற்கிறவர்கள் பிளாட் பார்க்க வந்தவர்களாக இருக்கும்.

ஆனாலும் செவலையை அவிழ்த்து விடாதே. தெரியாத ஆள் எதையாவது தூக்கிப் போட்டால் அது தின்றுவிடாமல் பார்த்துக்கொள். ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே. சும்மாதான் சொல்கிறேன்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

ஜெயா


ஆலங்கரைப்பட்டி
27.6.2025

ஜெயா,

செவலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல செய்திதானே, உன் தீர்மானம் வேலை செய்கிறது.

திங்கட்கிழமை ஒருவன் வந்தான். கொசுப்புழு பார்க்கிற ஆள் என்றான். நம் தெருவுக்கு எப்போதும் வருகிறது இசக்கிச்செல்விதான். தோளில் பை, கையில் டார்ச், வாசலில் நின்று "யக்கா, தொட்டியத் தொறங்க" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். இவன் கூப்பிடவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு நேராகப் பின்பக்கம் போனான். குடத்தையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து அடுப்படிச் சுவரில் வைத்து அளந்தான். அளந்துகொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து, செவலை கட்டியிருந்த இடத்துக்கே வந்து அதன் வாலை மிதித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் ஜெயா. வேண்டுமென்றே மிதித்தான். அது கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

கத்தவில்லை அவன். ரத்தம் செருப்பில் வடிகிறது, போனை எடுத்துக் காலைப் போட்டோ எடுத்தான், செவலையைப் போட்டோ எடுத்தான், வீட்டை மூன்று பக்கமும் நின்று போட்டோ எடுத்தான். பிறகு நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் வண்டி வந்தது. கம்பி வளையத்தைக் கழுத்தில் மாட்டி இழுத்தார்கள். அது என்னைப் பார்த்துக்கொண்டே போனது. எதற்கு என்று கேட்டேன். ஒரு தாளைக் காட்டினார்கள். கீழே முன்மொழிந்தவர் என்று போட்டு உன் பேர். பே. ஜெயசித்ரா, கவுன்சிலர். இன்னொரு தாளையும் கையில் கொடுத்தார்கள். இந்த இடத்துக்குப் பட்டா எங்கே, கட்டட அனுமதி எங்கே என்று கேட்டிருக்கிறது. இந்தத் தெருவில் யாருக்குமே பட்டா கிடையாது என்று ஊருக்கே தெரியும். எல்லோரும் வீட்டுத் தீர்வை கட்டுகிறோம், கரண்ட் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். தாள் வந்தது எனக்கு மட்டும்.

நாய் கடித்ததற்கும் பட்டாவுக்கும் என்னட்டி சம்பந்தம்? உனக்குத் தெரியாமலா இருக்கும்? வாசித்தவள் நீதானே.

இப்போதெல்லாம் பூ மார்க்கெட்டுக்குப் போவதில்லை. நான் போன நேரத்தில் வீட்டுக்குள் யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது? உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். யார் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை. இந்தக் கடிதத்தை வாங்க வந்த ஜரினா வீட்டுக்காரர் ஹபீப் அண்ணனுக்கே, மூன்று தடவை பேர் சொன்ன பிறகுதான் திறந்தேன். இனிமேல் கடிதத்தை அவர் ஆட்டோவில்தான் கொடுத்துவிட வேண்டும்.

பூமாரி


சங்கரன்கோவில்
4.7.2025

அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. நீ நம்பமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

தீர்மான நகலை எடுத்து நேற்றுத்தான் நிதானமாகப் படித்தேன். முதல் பத்தி நான் சொன்னதுதான். இரண்டாவது பத்தியில், மேற்படி விலங்கு மனிதரைக் கடிக்கும் பட்சத்தில் அது வளர்க்கப்பட்ட இடத்தின் உரிமை ஆவணங்களை ஆய்வு செய்து, ஆக்கிரமிப்பு எனக் கண்டால் கையகப்படுத்த மன்றத்தின் முன் வைக்கலாம் என்று இருக்கிறது. இதை நானே என் வாயால் வாசித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல ஒப்பித்திருக்கிறேன். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தினேன். என்ன வாசிக்கிறோம் என்று பார்க்கவில்லை. அவர் எழுதித் தந்ததை வாசிப்பதுதானே என் வேலை. மூன்று வருசமாக அப்படித்தானே.

அவரிடம் கேட்டேன். இலையில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "ஒங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. காசு வாங்கிட்டு மரியாதையாப் போயிருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்று சொல்லிவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். அக்கா, அவர் கத்துகிற நாளில் எனக்குப் பயம் இல்லை. கத்தி முடித்துவிட்டுத் தூங்கிவிடுவார். அவர் இப்படி இதமாகப் பேசுகிற நாளில்தான் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. அப்பா இறந்த வாரத்தில் என் நகையை வாங்கிக்கொண்டபோதும் இப்படித்தான் இதமாகப் பேசினார்.

மாதக் கடைசியில் கூட்டம். உன் வீடு ஓடைப் புறம்போக்கில் இருப்பதாகவும், அதை எடுத்துப் பொதுப் பாதை போடுவதாகவும் பொருள் வைத்திருக்கிறார்கள். எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டார். தட்டிவிடுவார்கள்.

நான் உன் காலில் விழுந்து கேட்கிறேன், போய்விடு. அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு புளியங்குடியில் ஒரு வீடு பார்த்துப் போய்விடு. எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைகளில் வேலை கிடைக்கும். வீடு போனால் போகட்டும், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்த பைக் ஆட்கள் யார் என்று எனக்கு இப்போது தெரியும். அதை இதில் எழுத மாட்டேன். நீ தனியாக இருக்காதே.

நான் உன்னிடம் இதைச் சொன்னேன் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஜெயா


ஆலங்கரைப்பட்டி
16.7.2025

ஜெயா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் திட்ட முடியவில்லை. உன் நகை விசயம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஏட்டி, அதைக்கூட எங்கிட்டச் சொல்லாமல் இருந்திருக்கிறாயே.

நான் போகமாட்டேன். வீம்புக்குச் சொல்லவில்லை. புளியங்குடியில் எனக்கு யார் இருக்கிறார்கள்? புருசன் இல்லை, பிள்ளை இல்லை. பூமாரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு இந்தக் கதவு எண்ணைத் தவிர என்ன சாட்சி? ரேசன் கார்டு இதில், ஓட்டு இதில், பூக்கட்டுகிற பொம்பளைகள் தேடி வருகிறது இந்த வீட்டை. இதை விட்டுவிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான் நான்.

நேற்று நாலு பேர் வந்து சுவரில் சிவப்பு பெயிண்டால் கோடு போட்டார்கள். அடுப்படி, குளிக்கிற இடம், படுக்கிற அறையில் பாதி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், பாதைக்குப் போகிற பக்கம். தெருவில் ஒருவர் வெளியே வரவில்லை. ஜன்னலில் எல்லோரும் நின்றார்கள், நான் பார்த்ததும் விலகிக்கொண்டார்கள். மாலாகூட. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கும் பட்டா இல்லையே. பூக்கட்ட வருகிற பொம்பளைகளும் நின்றுவிட்டார்கள். அங்கே போனால் உங்கள் வீட்டுக்கும் தாள் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஹபீப் அண்ணன் கூட்டிப்போய் செவலையைக் காட்டினார். உரக்கிடங்குக்குப் பின்னால் கம்பிக் கூண்டில் போட்டிருக்கிறார்கள். விலா எலும்பை எண்ணலாம். வைத்த சோறு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது. என் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. இனி அது திரும்பி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் தெரிந்திருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஜெயா. மறைக்கவில்லை. தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் பல்லில் மோதுகிறது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். இந்த வயசில் இப்படி ஆகும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

வீட்டைக் காப்பாற்று என்று உன்னிடம் கேட்கவில்லை. அது உன்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நம்பரைத் தலைவர் வாசிக்கும்போது நீ மேசையைத் தட்டாதே. எல்லோரும் தட்டட்டும். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு இரு. என் கூடப் பிறந்தவள் தட்டவில்லை என்று இருந்தால் எனக்குப் போதும்.

பூமாரி


சங்கரன்கோவில், ஜரினா கடை
30.7.2025

அக்கா,

இதை ஜரினா கடையில் பின்னால், துணி அடுக்குகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கூட்டம் நடந்தது. அவர் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அங்கேதான், நான் பார்க்கிற இடத்தில். தலைவர் நம்பர்களை வாசித்துக்கொண்டே வந்தார், தட்டிக்கொண்டே வந்தார்கள். உன் நம்பர் வந்தது. நீ சொன்னபடி கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அதோடு இருந்திருப்பேன் அக்கா. நீ கேட்டது அவ்வளவுதான், என் தைரியமும் அவ்வளவுதான். அடுத்த நம்பரை வாசிக்கப் போனார்கள். அப்போது என் பக்கத்தில் இருந்த உறுப்பினர் எனக்கும் சேர்த்து என் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். தலைவரும் அங்கேதான் பார்த்துக் கேட்டார். "என்ன அண்ணாச்சி, ஒங்க வீட்ல என்ன சொல்லுதாங்க?"

அவர் சிரித்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்றார். அப்போது நான் சொன்னேன்.

"கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க. ஓட்டு வாங்குனது நான்."

தலைவர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு, எதிர்ப்பு ஒன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது அக்கா. அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் இடிப்பார்கள். நான் பேசியதால் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை. கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று ஹபீப் அண்ணன் சொல்கிறார், கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவரோடு காரில் ஏறினேன். வேறு எங்கே போவேன்? வழி நெடுகப் பாட்டுப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். சங்கரன்கோவிலுக்குள் ரயில்வே கேட் மூடியிருந்தது. என் பக்கம் திரும்பி, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "வீட்டுக்குப் போயி பேசுவோம், என்ன" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். ரயில் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். முன்னால் லாரி, பின்னால் பஸ், அவரால் காரை அசைக்க முடியாது. பின்னால் பார்க்காமல் நடந்தேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது, எடுக்கவில்லை.

அவர் கார் இந்தக் கடையைத் தாண்டி இரண்டு தடவை போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் அந்த இரண்டு பேர் நிற்கிறார்களாம், ஹபீப் அண்ணன் பார்த்துவிட்டு வந்தார். இன்றைக்கு ஜரினாவோடு இருந்துகொள்கிறேன். நாளைக்கும் இங்கேயே இருந்தால் இவர்களுக்கும் தொந்தரவு வரும்.

நீ என் மேல் கோபமாக இருப்பாய். செவலையைக் கூண்டில் போட்டது என் தீர்மானம். உன் வீட்டில் கோடு போட்டதும் அதுதான். கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எனக்கு வேறு ஆள் இல்லை. இடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா?

பதிலை ஹபீப் அண்ணனிடம் கொடு.

ஜெயா


ஆலங்கரைப்பட்டி
31.7.2025

ஜெயா,

ஹபீப் அண்ணன் வெளியே ஆட்டோவை அணைக்காமல் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கேட்கிற கேள்வியைப் பார். கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, வந்த பிறகு உட்கார்ந்து திட்டிக்கொள்கிறேன். நீ தட்டாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன். இவ்வளவு செய்யச் சொல்லி யார் சொன்னது உனக்கு? நேற்று வரைக்கும் எனக்காக மட்டும் பயந்தேன், இன்றைக்கு உனக்காகவும் சேர்த்துப் பயப்படுகிறேன்.

பொழுது சாய்ந்து வராதே. பின்வழியாகவும் வராதே. பத்து மணி வெயிலில், தெரு முழுக்க ஆள் இருக்கிற நேரத்தில், ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வா. ஜன்னலில் நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும், கவுன்சிலர் எந்த வீட்டுக்குள் போகிறாள் என்று. வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களும் பார்க்கட்டும். அவர்களைக் கண்டால் ஓடாதே.

செருப்பில்லாமல் வருவாய், ரோடு கொதிக்கும். ஜரினாவிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்.

இப்போதே கதவைத் திறந்து வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. நீ வருகிற வரைக்கும் மூடமாட்டேன்.

அக்கா